சவாரி

ஓனோதெராவுக்கு வேலை, வண்டிக்குள் சத்தம் தேடுவது.
ப்ராஸ்பெக்டன் ஆலையில் ஒவ்வொன்றையும்
கல் பாவிய தடத்தில் ஓட்டிப் போவார்,
கண் பாதி மூடி, வாய் முழுக்க மூடி.
எங்கோ ஒரு கிளிப் தளர்ந்து
பல் கடித்தால் போதும்,
நிறுத்திவிடுவார்.

அவரிடம் ஒரு ஷாமிசென் இருந்தது.
மூன்று நரம்பு, நீளக் கழுத்து, சதுர வயிறு.
வந்த முதல் டிசம்பரில்
டர்பன் புழுக்கம் தாங்காமல் நாய்த்தோல் கிழிந்தது:
நடுராத்திரி, அலமாரிக்குள், துப்பாக்கி மாதிரி.
அந்தத் தெருவில் அந்த மாதிரிச் சத்தத்துக்கு
யாரும் விளக்குப் போடுவதில்லை.
இப்போது பிளாஸ்டிக் தோல்.

இசிப்பிங்கோவில் என் கராஜ்தான் ஸ்டூடியோ.
பக்கத்து வீட்டு நாய்க்கு எலும்பு போட்ட பிறகே பதிவு.
லுவாண்டிலே போடும் தாளத்துக்குப் பேர் 'கோம்'.
உண்மையில் முதலெழுத்து ஒரு சொடுக்கு,
நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பிடுங்க வேண்டும்.
தமிழில் அதற்கு எழுத்தில்லை.
மாடு ஓட்டும்போது மட்டும் வாயில் உண்டு.

தோசைத் திருப்பி அளவு மட்டையால்
ஓனோதெரா அடித்தார்.
நரம்பும் தோலும் ஒன்றாய் அடி வாங்கின.
"இது டிரம், சிஸ்" என்றான் லுவாண்டிலே,
"நம்மை ஏமாற்ற நரம்பு கட்டியிருக்கிறார்கள்."

தடித்த நரம்பு மட்டும் இரைந்தது,
தகர டப்பாவில் வண்டு விழுந்தது போல.
மூன்று ராத்திரி உட்கார்ந்து
வண்டை எடுத்தேன்.
கால், இறக்கை, ஒன்று விடாமல்.

மறுநாள் பதிலாக ஆலைப் படிவம் வந்தது.
வண்டி எண்: இல்லை.
இடம்: முதல் நரம்பு.
குறை: சத்தம் இல்லை.

சாயங்காலம் நேரில் வந்து
"சவாரி" என்றார்.
"எங்கே?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. கழுத்தின் உச்சியைக் காட்டினார்:
மற்ற இரண்டுக்கும் அங்கே ஒரு தாங்கல்,
இது மட்டும் வெறும் மரத்தில் கிடந்து உரசுகிறது.
அந்த உரசலுக்குத்தான் அவர்கள் ஊரில் அந்தப் பேர்.

தம்புரா நரம்புக்கடியில் ஒரு நூல் நுழைப்போம்.
நூல் இல்லாவிட்டாலும் சுருதி சரியாகத்தான் இருக்கும்,
பிணத்தின் முகம் சரியாக இருப்பது போல.
அந்த நூலுக்கு ஜீவா என்று பேர்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
மூன்று ராத்திரி வேலையை
ஒரு விசையில் அழித்தேன்.

"கராஜில் கேட்பதெல்லாம் கேட்பதா?
டாக்சியில் போட்டால்தான் தெரியும்."
சனிக்கிழமை, டவுனுக்குப் போகும் வேன்.
கதவு சாத்திய சத்தத்திலேயே
அது தன் ஆலையில் பிறந்த வருஷத்தைச் சொன்னார்.
முன்சீட்டில் ஏறினார்.
முன்சீட்டில் இருப்பவன்தான் கணக்குப்பிள்ளை என்று
நாங்கள் யாரும் சொல்லவில்லை.
பின்னாலிருந்து தோள் தோளாய்க் காசு வந்தது:
"ரெண்டு பேர்", "நாலு பேர், நூறு ராண்ட்",
கையில் நாணயம், மடியில் நாணயம்.

அப்போது பாட்டு விழுந்தது.
நம்பர் பிளேட் ஆடியது, ஜன்னல் ஆடியது,
பின்சீட்டு அம்மாளின் முட்டைக்கோஸ் பை ஆடியது,
அவர் உள்ளங்கைச் சில்லறை ஆடியது.
அதன் மேலே ஷாமிசென்
வண்டோடு ஓடியது.

ஒவ்வொன்றும் எங்கிருந்து என்று அவருக்குத் தெரியும்.
இடக்கை தானாகப் போய்
கதவுப் பலகையை அமுக்கியது.
ஒரு சத்தம் செத்தது.
லுவாண்டிலே என்னைப் பார்த்தான்.
நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

பாலம் ஏறும்போது
கையை எடுத்தார்.

டவுனில் எண்ணினால் இருபது ராண்ட் குறைந்தது.
டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை,
இஞ்சினையும் அணைக்கவில்லை.
ஓனோதெரா தன் பையிலிருந்து போட்டார்.
திரும்பும்போது
முன்சீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு
குனிந்து, மிகவும் மரியாதையாக,
என்னை ஏறச் சொன்னார்.